‘கெட்’ என்றால் என்ன பொருள்? ஆங்கிலத்தின் அன்றாட வினைச்சொற்களும் நம் ‘போடு’வும்

பெருந்துறை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறைக்கு அருகில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தி வருகிறேன். சென்ற வாரம் ஒரு பத்தியைக் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னேன். ஒரு பையன் காலையில் எழுந்து, கிளம்பி, பஸ் பிடித்து, மழையில் நனைந்து, வீடு வந்து சேர்வதுதான் அந்தப் பத்தியின் செய்தி. ஐந்து செயல்களுக்கும் ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற ஒரே வினைதான் வந்திருந்தது. அகராதியைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மாணவன் எல்லா இடத்திலும் ‘பெற்றான்’ என்று எழுதியிருந்தான். “மேலே பெற்றான், தயார் பெற்றான், பஸ் பெற்றான், ஈரம் பெற்றான், வீடு பெற்றான்” என்பதை வகுப்பில் படித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்காமல் கேட்டான்: “அப்புறம் அதுக்கு என்னதானுங் மிஸ் அர்த்தம்?”

நான் அந்த இடத்திலேயே சமாளித்துவிட்டேன். ஆனாலும் என் பதில் எனக்கே நிறைவாக இல்லை. கெட், டேக், புட், ஹேவ், டூ போன்ற சொற்களுக்குப் பொருள் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர வேறு வழி உண்டா? அவற்றின் பிறப்பை அறிந்துகொண்டால் கற்பித்தலுக்கு ஏதேனும் பயன் இருக்குமா? அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

சென்னிமலைத் தறிக்காரர் எழுதியது:

நான் மொழி படித்தவன் அல்லன், விசைத்தறி வைத்திருப்பவன். இருந்தாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றால் ஓடு என்று பள்ளியில் படித்தோம். பிறகு கம்பெனியை ‘ரன்’ செய்கிறார்கள், மிஷினை ‘ரன்’ செய்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு அது கொஞ்சமும் புதிதாகப் படவில்லை. எங்கள் ஊரில் கைத்தறிக்காரர் தறி நெய்கிறார், விசைத்தறிக்காரர் தறி ஓட்டுகிறார். தறி ஓடுகிறது, கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது. கையில் காசில்லாத மாதத்திலும் குடும்பம் எப்படியோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடுவதற்குக் கால் வேண்டும் என்று நாம் என்றைக்கும் நினைத்ததில்லை. பிறகு ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் ஒரே பொருள் இருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

உடுமலை வாசகன் எழுதியது:

தறிக்காரர் ஐயா தொட்டது சரியான இடம். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைதான் மிக நீளமான பதிவாக இருந்தது. அதற்கு 430 பொருள்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அடுத்த பதிப்புக்காகச் சொற்களைத் திருத்திக்கொண்டு வந்தபோது, ஐயா சொன்ன அதே ‘ரன்’ 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. இயந்திரங்கள் பெருகிய காலத்தில் அந்தச் சொல்லும் பெருகியது என்பது தறி ஓட்டுகிறவருக்கு விளக்க வேண்டிய செய்தி அன்று.

ஒரு வேறுபாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். நமக்குத் தறி தானாக இயங்கினால் ‘ஓடு’, நாம் இயக்கினால் ‘ஓட்டு’. தன்வினை, பிறவினை என்று இலக்கணத்தில் படித்தது இதைத்தான். ஆங்கிலம் இரண்டுக்கும் ‘ரன்’ என்ற ஒன்றையே வைத்துக்கொண்டது. ஒரு காலத்தில் அவர்களிடமும் நம்முடையதைப் போன்ற இணைகள் ஏராளமாக இருந்தன. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரச் செய், அதாவது வை. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்து. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. இப்படி எஞ்சி நிற்பவை சிலவே. அந்த முறை மறந்துபோனதால்தான் ‘லை’, ‘லே’ இரண்டையும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இன்றும் மாற்றி எழுதுகிறார்கள். திரும்பு–திருப்பு, உருள்–உருட்டு என்று பிறந்ததிலிருந்து பேசும் நம் பிள்ளைகளுக்கு இதை ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்.

இனி ஆசிரியை கேட்ட ‘கெட்’. இது இங்கிலாந்தின் பழைய சொல் அன்று. 9ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் ‘கெத்தா’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்குக் கைக்கொள், எட்டு, சென்று சேர் என்ற பொருள்கள் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இதற்கு உறவான சொல் தனியாக வழங்காமல் கூட்டுச்சொற்களுக்குள் மட்டும் இருந்தது. ‘ஃபர்கெட்’ என்பதில் இருப்பது அதுதான். கைப்பிடியிலிருந்து நழுவ விடுதல் என்பதிலிருந்து மறத்தல் என்ற பொருள் வந்தது.

ஆசிரியை அம்மா, அந்தப் பையனிடம் ‘பெறு’ என்பதை விட்டுவிட்டு ‘அடை’ என்று சொல்லிப் பாருங்கள். ஊரை அடைந்தான், பயன் அடைந்தான், கோபம் அடைந்தான், முதுமை அடைந்தான். பொருளை அடைவதும் இடத்தை அடைவதும் ஒரு நிலையை அடைவதும் நமக்கு ஒரே வினைதான். ‘கெட்’ நடந்து வந்த பாதையும் இதுவே.

அந்தியூர்க்காரன் எழுதியது:

ஆடிமாதக் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு என் தாத்தா என்னைச் சிறுவயதில் கூட்டிக்கொண்டு போவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தரகர் கையின் மேல் போட்டு, அதற்கு உள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். அருகில் நிற்பவருக்கு எவ்வளவு என்று தெரியாது. மாலையில் வீடு திரும்பியதும் பாட்டி கேட்பது “குடுத்தாச்சா?” என்பது மட்டும்தான். தாத்தா, “குடுத்துப்போட்டேன்” என்பார். காளையை விற்றார் என்பதற்கு அந்த வீட்டில் ‘வித்துட்டேன்’ என்ற சொல்லை நான் கேட்டதாக நினைவில்லை. வளர்த்த மாட்டை விற்றேன் என்று சொல்ல வாய் வராது என்று பிறகு ஒரு நாள் பாட்டி சொன்னார்.

விற்றலைக் கொடுத்தல் என்று சொல்வது போல ஆங்கிலத்தில் ஏதாவது உண்டா?

உடுமலை வாசகன் எழுதியது:

உண்டு தம்பி. அதுவும் அப்படியே உண்டு. இன்று விற்பதற்கு வழங்கும் ‘செல்’ என்ற ஆங்கில வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் கொடு, ஒப்படை என்பதுதான் பொருள். விலை வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கு என்று அது ஒதுங்கியது பிற்காலத்தில்தான். உங்கள் தாத்தா பேசிய தமிழில் அந்த மாற்றம் பாதி வழியில் நிற்கிறது என்று சொல்லலாம்.

பணம் கொடுப்பதற்கான ‘பே’ இன்னும் சுவையானது. சமாதானப்படுத்து என்ற பொருளுடைய லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக வந்து, கடன் கொடுத்தவனை அமைதியாக்குவதற்கு ஆகி, கடைசியில் பணம் செலுத்துவதாக முடிந்தது. வட்டிக்கு வாங்கியவர்களுக்கு இந்தச் சொல்லின் வரலாறு விளங்காமல் போகாது.

கோவைப் பயிற்சியாளர் எழுதியது:

நண்பர்கள் சொல்லும் செய்திகள் சுவையாக இருக்கின்றன. இருந்தாலும் இந்த இழை தொடங்கிய கேள்விக்கு இவை விடையாகுமா என்று ஐயப்படுகிறேன். வேலைக்கான நேர்காணலுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு நான் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஆங்கிலச் சொல்லின் பிறப்புத் தெரியாததால் வருபவை அல்ல. தமிழில் ஒரு பெயரோடு எந்த வினை வருகிறதோ அதையே அவர்கள் ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். லீவு போட்டேன் என்பதற்கு லீவை ‘புட்’ செய்தேன் என்கிறார்கள். மாத்திரையை, சண்டையை, சத்தத்தை, எல்லாவற்றையும் ‘புட்’ செய்கிறார்கள்.

ஒரு நாள் கரும்பலகையில் ‘போடு’ என்று எழுதி, அதனோடு சேரும் சொற்களை ஆளுக்கொன்று சொல்லச் சொன்னேன். சட்டை, கோலம், தாழ்ப்பாள், கணக்கு, எடை, ரோடு, சோறு, காப்பி, குட்டித் தூக்கம், கோழி போடும் முட்டை, ஆடு போடும் குட்டி, ஒருவர் தயங்கிச் சொன்ன ‘தண்ணி’ என்று பலகை நிறைந்துவிட்டது. அத்தனைக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு வினை. சட்டையை அணியும்போது மட்டும்தான் ‘புட்’ வருகிறது, அதுவும் பின்னால் ஒரு ‘ஆன்’ ஒட்டிக்கொண்டு. மருந்தும் விடுப்பும் ‘டேக்’, கோலம் ‘டிரா’, காப்பி ‘மேக்’, முட்டை ‘லே’. வினைக்குத் தனியாகப் பொருள் கேட்பதை விட்டுவிட்டு, எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்று இணை இணையாகப் பழகினால் போதும். 9ஆம் நூற்றாண்டுக்குப் போகத் தேவையில்லை என்பது என் கருத்து.

காங்கேயத்து மொழிப்பற்றாளர் எழுதியது:

பிறப்பு வேண்டாம் என்று பயிற்சியாளர் சொல்வதை ஏற்க இயலாது. ஆங்கில வினைகள் பலவும் தமிழிலிருந்து சென்றவை என்பதை மாணவர்களுக்குச் சொன்னாலே அவர்களின் தயக்கம் போய்விடும். கொல் என்பதுதான் ‘கில்’ ஆனது. கவ்வு என்பது ‘கேட்ச்’ ஆனது. வா என்பதற்கு வந்தான் என்று வருவதைப் போலவே, ‘கோ’ என்பதற்கு ‘வென்ட்’ என்று வருகிறது.

உடுமலை வாசகன் எழுதியது:

ஐயா, தங்கள் பற்றை மதிக்கிறேன். ஆனால் ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. அப்படிப் பார்த்தால், மேலே நான் குறிப்பிட்ட விற்றலுக்குரிய ஆங்கிலச் ‘செல்’லும், போதலுக்குரிய நம் ‘செல்’லும் ஒன்றாகிவிடும்.

‘கேட்ச்’ சென்ற வழி தெளிவாகத் தெரிகிறது. பிடித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரான்சின் வடபகுதிப் பேச்சு வழியாக அது வந்தது. அதே லத்தீன் வினை பிரான்சின் மற்றொரு வட்டார வழக்கு வழியாகவும் வந்து ‘சேஸ்’ ஆயிற்று. ஒன்று துரத்துகிறது, ஒன்று பிடிக்கிறது. கவ்வுக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பிய மொழிகளுக்கு உள்ளேயே இப்படி ஏமாந்துபோகலாம். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ என்பதற்கும் அதே பொருளுடைய லத்தீனின் ‘ஹபேரே’ என்பதற்கும் பிறப்பில் தொடர்பே இல்லை. ஒலிமாற்ற விதிப்படி ‘ஹேவ்’ வினைக்கு உறவானது, பிடி என்று பொருள்படும் ‘கபேரே’. மேலே சொன்ன ‘கேட்ச்’ பிறந்ததும் அதன் வழியில்தான்.

வந்தான் என்பதும் ‘வென்ட்’ போன்றது அன்று. வா, வரு, வந்து ஆகியவை ஒரே அடியின் வடிவங்கள். ‘கோ’வும் ‘வென்ட்’டும் இரண்டு வேறு குடும்பங்கள். திரும்பு, வழியே செல் என்று பொருள்படும் ‘வெண்ட்’ என்ற வினையின் இறந்தகாலம் ‘வென்ட்’. ‘கோ’வுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த இறந்தகாலம் வழக்கொழிந்துபோக, இது வந்து உட்கார்ந்துகொண்டது. இரு என்று பொருள்படும் ‘பி’ என்ற வினையிலோ மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன. ‘இஸ்’ என்பது சமஸ்கிருதத்தின் ‘அஸ்தி’க்கு உறவு, ஆத்திகம் என்ற சொல்லுக்குள் இருப்பது அது. ‘பி’ என்பது ‘பூ’ என்ற வடமொழி வேருக்கு உறவு; பூதம் என்று நாம் வழங்குவது அதிலிருந்து வந்தது. ‘வாஸ்’ மூன்றாவது.

இவ்வளவு ஒழுங்கின்மை ஏன் அன்றாடச் சொற்களிலேயே வந்து குவிந்திருக்கிறது என்பதற்கு 2007இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற வினைகளாக, அதாவது பொதுவிதிப்படி இறந்தகாலம் அமையாதவையாக இருந்த 177ஐ எடுத்து அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 அப்படியே இருந்தன, இன்று 98 இருக்கின்றன. நூறு மடங்கு குறைவாக வழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. நாள்தோறும் வாயில் புழங்குவது பழைய வடிவத்தை விடுவதில்லை. தமிழிலும் வா, தா, சா ஆகியவைதாமே மாணவர்களுக்குத் தொல்லை தருபவை?

கோபி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பொருள் முழுதும் தேய்ந்து துணைவினையாக மாறிய சொற்களை யாரும் இன்னும் தொடவில்லை.

‘ஷல்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் கடன்பட்டிருப்பதைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் இன்றும் கடனையும் குற்றத்தையும் குறிக்கிறது. செய்ய வேண்டிய கடமையைக் குறிக்கும் ‘ஆட்’ என்பது, கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். இவற்றைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நமக்கும் வாங்கிய பணம் கடன், பெற்றோருக்குச் செய்வதும் கடன், இறந்தவர்க்குச் செய்வதும் கடன். பழைய பத்திரங்களில் “செலுத்தக் கடவர்” என்று எழுதியிருப்பதை அப்படியே ‘ஷல்’ என்று பெயர்க்கலாம்.

‘கேன்’ என்பது முதலில் அறிந்திருத்தல். அறிந்தவனால் செய்ய முடியும். ‘மே’ என்பது வலிமை உடைத்தாயிருத்தல். இன்று அது வெறும் ‘இருக்கலாம்’ ஆகிவிட்டது. ‘வில்’ என்பது விரும்புதல். விருப்பம் தேய்ந்து எதிர்காலம் ஆனது. ‘வான்ட்’ என்பது ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்த சொல். அதன் பழைய பொருள் இல்லாதிருத்தல். இல்லாததைத்தானே வேண்டுகிறோம்?

நம்முடைய ‘மாட்டேன்’ இதே வழியில் வந்ததுதான். மாட்டு என்றால் இயலு. முற்காலத்தில் ‘செய்யமாட்டேன்’ என்றால் செய்ய இயலாது என்று பொருள். இன்று ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் முதுகில் ஒன்று விழும், ஏனென்றால் இயலாமை மறுப்பாக மாறிவிட்டது.

திருப்பூர் வாசி எழுதியது:

சின்னச் செய்தி ஒன்று. எங்கள் ஊரில் ‘டையிங்’ என்றால் சாயப்பட்டறை. ‘டை’ என்று ஒலிக்கும் இரண்டு ஆங்கில வினைகளும் வெவ்வேறு. சாயமிடுவது பழைய ஆங்கிலச் சொல். சாவது ஸ்காண்டிநேவியத் தொடர்புடையது. அதற்கு முன் சாவுக்கு வழங்கிய சொல்தான் ‘ஸ்டார்வ்’. அது பிறகு பட்டினி கிடப்பது என்று சுருங்கிவிட்டது.

இன்னொன்று. இவ்வளவு ஆங்கிலம் கலந்து பேசுகிறோமே, ஓர் ஆங்கில வினையையாவது நேரடியாகத் தமிழ் வினையாக மாற்றியிருக்கிறோமா என்று யோசித்தேன். கட் பண்ணு, பேக் பண்ணு, செக் பண்ணு, செட் ஆகவில்லை என்றுதான் சொல்கிறோம். வரும் வினையையெல்லாம் பெயர்போல நிறுத்திவிட்டுப் பண்ணுவையும் ஆகுவையும் வைத்து வேலையை முடிக்கிறோம். ஆங்கிலேயரோ கெட், டேக் போன்ற அடிப்படை வினைகளையே வெளியாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

உடுமலை வாசகன் எழுதியது:

நல்ல கவனிப்பு. ‘டேக்’ வந்ததும் அதே பொருளில் இருந்த ‘நிமன்’ என்ற உள்ளூர் வினை ஒழிந்தே போனது. மரத்துப்போனதைக் குறிக்கும் ‘நம்’ என்ற சொல்லில், பிடிக்கப்பட்டது என்ற பொருளோடு அதன் எச்சம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரு கூட்டத்தாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்து, மணம் முடித்து, சந்தையில் சந்தித்துக்கொண்டதால்தான் இது நடந்திருக்கும். ஆட்சியாளர் மொழியிலிருந்து பெயர்கள் வரும். ‘எடு’ என்பதற்கான சொல்லே மாற வேண்டும் என்றால் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோவைப் பயிற்சியாளருக்கு ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். அவருடைய ‘போடு’ பட்டியலைப் படித்ததிலிருந்து என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது இது. ஆங்கிலத்தின் ‘டூ’ எந்த வேரிலிருந்து வந்ததோ, அதே வேரிலிருந்து வந்தது சமஸ்கிருதத்தின் ‘தா’ என்ற வினை. அதன் பொருள் வை, இடு. நிதி, விதி, சந்தி என்று நாம் வழங்கும் சொற்கள் அதன் பிள்ளைகள். அதாவது ‘டூ’ முதலில் செய் அன்று, போடு! ஆங்கிலத்தில் சட்டை அணிவதற்கு ‘டான்’, கழற்றுவதற்கு ‘டாஃப்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. ‘டூ ஆன்’, ‘டூ ஆஃப்’ என்பவற்றின் சுருக்கம் அவை. அங்கே ‘டூ’ இன்னும் போடுவாகவே இருக்கிறது.

பிறகு அது ‘செய்’ என்று பொதுவாகிப் பெயர்களோடெல்லாம் சேர்ந்தது. அதன் பிறகு பொருளையே இழந்து, கேள்வி கேட்கவும் மறுக்கவும் வெறும் தாங்குகோலாக நிற்கிறது. நம் கொங்குத் தமிழில் போடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கல்லைப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், அந்தியூர்த் தம்பியின் தாத்தா “குடுத்துப்போட்டேன்” என்கிறார். அந்தக் கடைசிப் போடுவில் எதையும் எங்கும் போடவில்லை. கொடுத்து முடிந்தது என்பது மட்டுமே இருக்கிறது.

கோவைப் பயிற்சியாளர் எழுதியது:

‘டூ’வைப் பற்றி இப்படி யோசித்ததில்லை. பிறப்பு தேவையில்லை என்று நான் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். இணை இணையாகப் பழக வேண்டும் என்ற மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

பெருந்துறை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை வகுப்பில் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். முதலில் ‘அடை’யைக் காட்டி அந்தப் பத்தியை மறுபடி எழுதச் சொன்னேன். ஈரம் பெற்றவன் இந்த முறை நனைந்தான், வீடு பெற்றவன் வீடு சேர்ந்தான். பிறகு போடுவை வைத்துப் பத்து வாக்கியங்கள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ‘போடு’ வரும் இடத்துக்கு ஆங்கில வினையை எழுதச் சொன்னேன். லீவுக்கும் மாத்திரைக்கும் பெரும்பாலோர் சரியாக எழுதிவிட்டார்கள். முட்டைக்குப் பாதிப் பேர் ‘லே’ என்றும் மீதிப் பேர் ‘லை’ என்றும் எழுதியிருந்தார்கள். அதற்கு இன்னொரு வகுப்பு வேண்டும்.

பத்தாவது வாக்கியம் “வேலையச் செஞ்சுபோட்டு வந்தேன்” என்பது. பலர் அங்கேயும் ‘புட்’ எழுதியிருந்தார்கள். முதல் நாள் கேள்வி கேட்டவன் மட்டும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தான். தெரியவில்லையா என்று கேட்டேன். “அதுக்குத் தனியா ஒண்ணும் வராதுங் மிஸ்” என்றான். அதற்கும் சேர்த்து முழு மதிப்பெண் கொடுத்தேன்.